ஒவ்வொரு நட்டிலும் ஒரு கோடு

பின்னறையிலிருந்து கிக்கரை மிதிக்கும் சத்தம் நாலாவது முறையாகக் கேட்டது. தொண்டையைச் செருமுவதுபோல் என்ஜின் ஒரு தரம் முனகி அடங்கிப்போனது. முன்னறையில் தையல்காரியின் கால் பெடல்மேல் அப்படியே நின்றது.

பதினெட்டு வருஷமாக அந்தப் பெடலை மிதிக்கிறாள். மிதித்த மிதிக்கு உலகத்தையே ஒரு சுற்று வந்திருக்கலாம். ஆனால் உட்கார்ந்த இடத்தைவிட்டு ஒரு சாண் நகர்ந்ததில்லை. ஊசிக்கடியில் வெள்ளைத் துணி ஓட ஓட, அவளுக்கு அது துணியாகத் தெரியாது. இரண்டு பக்கமும் மரம் நிற்கும் சாலையாகத் தெரியும். தூரத்தில் அந்தச் சாலை மெல்ல வளையும். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று எட்டிப் பார்ப்பதற்குள் நூல் அறுந்துவிடும்.

மூன்று நாளைக்கு முன்னால்தான் யாரையும் கேட்காமல் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிவிட்டாள்.

விஷயம் அண்ணன் காதுக்கு எட்டியது. அவர் பஸ் டிப்போவில் ஃபிட்டர். "ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பேன். வண்டி எனக்குத் திருப்தியா இல்லைன்னா, நானே தள்ளிட்டுப் போய் வித்துடுவேன். சம்மதமா?" என்று போனில் கேட்டார். அவளும் சம்மதம் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். இன்று ஞாயிறு. சொன்னபடியே வந்து பின்னறையில் வண்டியை மிதித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது மிதியில் என்ஜின் பிடித்துக்கொண்டது. சுவர் ஆணியில் தொங்கிய கத்தரிக்கோல்கள் கிணுகிணுத்தன. எழுந்து பின்னறைக்குப் போனாள்.

அதற்குள் அண்ணன் என்ஜினை அணைத்துவிட்டுப் பின் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

"செயினுக்கு என்ன எண்ணெய் போட்டே?"

"மெஷின் எண்ணெய்."

"எந்த மெஷின்?"

"தையல் மெஷின்தான். எனக்கு வேற எந்த மெஷினைத் தெரியும்?"

"நல்லவேளை, நூல் கோக்காம விட்டே" என்றார் அண்ணன். அவர் முகத்தில் வந்த சிரிப்பு சீக்கிரமே வடிந்துவிட்டது. தண்ணீர்போன்ற அந்த எண்ணெய், நேற்று அவள் சந்துக்குள் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்ததில் சிதறி, ரிம்மிலும் டயரிலும் மினுமினுத்தது. விரலால் தொட்டுக் காட்டினார். "முதல் திருப்பத்துலயே வழுக்கியிருக்கும். போதும்மா. நான் தள்ளிட்டுப் போறேன்."

"தப்பா எண்ணெய் விட்டது நான். வண்டி என்னண்ணே பண்ணும்?"

"வண்டி ஒண்ணும் பண்ணாதுன்னுதான் உன் வீட்டுக்காரரும் சொன்னாரு." அண்ணன் எழுந்து நின்றார். "ஒத்தை நட்டு. பின் சக்கரத்துல ஒத்தை நட்டு கழண்டுச்சு. ஆஸ்பத்திரியிலேருந்து அவரை நான்தானே தூக்கிட்டு வந்தேன். இன்னொரு தரம் தூக்க என் தோள்ல தெம்பு இல்லை."

ஒன்பது வருஷமாக இருவரும் வாய்விட்டுப் பேசாத பேச்சு அது. அறையில் பெட்ரோல் வாசனை மட்டும் மிதந்தது. ஜன்னல் வெயில் டேங்கின்மேல் பூனைபோலச் சுருண்டு கிடந்தது.

அவள் சோப்புத் தண்ணீரும் கந்தலும் எடுத்து வந்து டயரைத் துடைக்க உட்கார்ந்தாள். தள்ளிக்கொண்டு போகும் முன் சக்கரத்தை ஒரு தடவை பார்த்துவிடலாமென்று குனிந்த அண்ணன், குனிந்தபடியே நின்றுவிட்டார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அச்சு நட்டின்மேல் தொடங்கிப் பக்கத்து இரும்புவரை மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று. பிரேக் கம்பியில் ஒன்று. ஹேண்டில்பாரில், என்ஜின் போல்ட்டுகளில், கால் வைக்கும் இடத்தில், எங்கே பார்த்தாலும் துணி வெட்டும் சாக்பீஸ் கோடு.

"என்னம்மா இது?"

"எல்லாத்தையும் ஸ்பானர் வெச்சு இறுக்கினேன். அப்புறம் கோடு போட்டேன். நட்டு ஒரு நூல் அசைஞ்சாலும் கோடு ரெண்டா பிரிஞ்சுடும். தினம் காலையில பார்த்துட்டுத்தான் வண்டியை எடுப்பேன்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்லை. சட்டைக்குக் கை வெச்சுத் தைக்கறப்போ இப்படித்தான் குறி வைப்போம். குறி சேரலைன்னா கை முறுக்கிக்கும்."

அண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். டிப்போவில் ஒவ்வொரு பஸ் சக்கரத்தின் நட்டிலும் அவர் பெயிண்டால் இழுக்கும் கோடும் இதேதான். அந்தச் சாவுக்குப் பிறகு தொடங்கிய பழக்கம், யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு வேறு வீடுகளில் இரண்டு பேர் ஒரே நட்டை நினைத்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறார்கள். அவருக்குக் கண் கலங்கியது. பெட்ரோல் நெடி என்று முணுமுணுத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சாக்பீஸ் மழையில கரைஞ்சுடும். பெயிண்ட் கொண்டு வரேன்." சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். "செயின் ஒரு இடத்துல இறுகியும் ஒரு இடத்துல தொங்கியும் இருக்கு."

"தெரியும். டேப்பால அளந்தேன். புதுசு மாத்தணும்."

"விட்டா என் வேலைக்கே உலை வெச்சுடுவே. அடுத்த வாரம் நானே வந்து மாத்தறேன். அதுவரைக்கும் பெரிய ரோட்டுப் பக்கம் போகக் கூடாது."

சாவியை எடுத்து அவள் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அவள் ஈரக் கையோடு பின்னால் வந்தாள்.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்றார்.

"எங்கே போய்ச் சேர்ந்ததும்?"

"எங்கேயாவது. போய்ச் சேர்ந்ததும்."

அவர் படியிறங்கித் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.