சாரல் மாதத்து இருமல்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் ஊரே குளிர்ந்துபோகும். வேல்ராஜுக்கு மட்டும் கவலை தொடங்கும். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு இரவில் டெம்போ ஓட்டுகிறவன் அவன். மனைவி இசக்கிச்செல்வி போலீஸ்காரி. சீசன் முடியும்வரை அவளுக்கு அருவிக்கரையில்தான் டியூட்டி. தென்காசி வீட்டில் நான்கு வயது முத்துச்செல்வியும் ஒன்றரை வயது மகாராஜாவும் பகலெல்லாம் அவன் பொறுப்பு.

மூத்தவள் பால்வாடிக்குப் போக ஆரம்பித்த ஆனி மாதம் அது. அவள் மூக்கொழுக வந்தால் மூன்றாம் நாள் தம்பி இருமுவான். அவனுக்குத் தணிந்தால் இவளுக்குக் காய்ச்சல். வேல்ராஜ் டெம்போவை வேறு டிரைவரிடம் கொடுத்துவிட்டு வீட்டிலேயே கிடந்தான். தன்மேல்தான் ஏதோ தப்பு என்று எண்ணி, ஜன்னல்களையெல்லாம் இறுகச் சாத்தினான்.

அந்த மத்தியானங்களுக்கு நேரம் என்பதே இல்லை. கண்ணாடியில் சாரல் பூப்பூவாக ஒட்டும், வழியும். தூக்கம் கெட்ட கண்ணுக்கு, பாய் தண்ணீரில் மெல்ல நகர்வதாகவும், பிள்ளைகளோடு தானும் அதில் எங்கோ போவதாகவும் தோன்றும். முந்தைய காய்ச்சலில் டாக்டர் லோகநாயகி சொல்லிக்கொடுத்தபடி, மகாராஜாவின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவான். நிமிஷத்துக்கு முப்பது, முப்பத்திரண்டு. எண்ண எண்ணக் கண் சொருகும்.

ஆடி பிறந்த ஐந்தாம் நாள் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. திரும்பவும் எண்ணினான். ஐம்பத்திரண்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்கடியில் குழி விழுந்தது. பாலைக் கொடுத்தால் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மூத்தவளைப் பக்கத்து வீட்டு ஜன்னத் அக்காவிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறினான். மழைக்குள் தெருக்கள் கரைந்து கரைந்து பின்னால் போயின. மார்போடு சேர்த்துப் பிடித்திருந்த அந்தச் சூடு ஒன்றுதான் உண்மையாக இருந்தது.

"நிமோனியா. நல்லவேளை, நேரத்தோட கொண்டுவந்துட்டீங்க" என்றார் டாக்டர்.

சின்ன மூக்கில் ஆக்சிஜன் குழாய் ஏறியது. சாயங்காலம் இசக்கிச்செல்வி ஈரம் சொட்டும் காக்கிச் சட்டையோடு ஓடிவந்தாள்.

"நான் ஒழுங்கா பாத்துக்கிடலயோ, செல்வி? ஜன்னலக்கூட தொறக்கலயே" என்றான்.

"நீங்க எண்ணிப் பாக்கலேன்னா என்ன ஆயிருக்கும்? அத நெனைங்க" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் நாளெல்லாம் நனைந்து சுருங்கியிருந்தன.

மறுநாள் மூச்சு சீரானது. டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "சின்னப் பிள்ளைங்களுக்கு வருஷத்துல எட்டு, பத்து தடவை சளி பிடிக்கத்தான் செய்யும். உங்க தப்பு இல்ல. வீட்டை அடைச்சு வைக்காதீங்க. மூச்சு வாங்குதா, பால் தண்ணி குடிக்கிறானா, அதைப் பாத்துக்கிட்டா போதும்."

ஐந்தாம் நாள் வீடு திரும்பியதும் ஜன்னல் திறந்தது. முத்துச்செல்வி கையை வெளியே நீட்டி, நனைந்த விரலைத் தம்பி கன்னத்தில் வைத்தாள். "அப்பா, தம்பி சிரிக்கான்!"

இசக்கிச்செல்வி அதிகாரியிடம் பேசிக் காலை டியூட்டிக்கு மாறிக்கொண்டாள். ஆவணியில் இரண்டு பிள்ளைகளுக்கும் மறுபடி சளி பிடித்தது. ஆனால் இப்போது மத்தியானங்கள் அவளுடையவை. பல நாளைக்குப் பிறகு வேல்ராஜ் பாயில் காலை நீட்டிப் படுத்தான். மகாராஜா அவன் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்து தலைமயிரை இழுத்தான்.

"ஏலே, மெதுவாலே" என்று கண் திறக்காமலே சொல்லிவிட்டு, வேல்ராஜ் மறுபடி தூங்கிப்போனான்.