வழியில்லா வயலுக்கான கோப்பு

வாசகரே, அந்தக் கூட்டத்தில் நீங்கள் இல்லை. இருந்திருந்தால் நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். கைதட்டாத ஒருவர் எனக்குத் தேவை. ஆகவே உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன்.

பெரம்பலூர்க் கல்லூரி மேடைகளில் வளர்ந்தவன் நான். எந்த அணியில் நிறுத்தினாலும் பேசுவேன். ஒரே தலைப்பை ஆதரித்தும் எதிர்த்தும் பரிசு வாங்கியதுண்டு. இப்போது ஒரு சர்க்கரை ஆலையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கரும்புப் பதிவும், எப்போது வெட்டலாம் என்று விவசாயிக்குப் போகும் வெட்டு உத்தரவும், எடையும் அங்கே ஒரே பெரிய மென்பொருளில் ஓடுகின்றன. அதை விற்றவர்கள் தரும் கோப்புகள் எல்லா ஊருக்கும் பொதுவானவை. நம் ஊருக்கென்று ஒன்றை மாற்ற வேண்டுமானால், மூலக் கோப்பைத் தொடாமல் நகலெடுத்துத் தனி ஃபோல்டரில் வைத்து மாற்ற வேண்டும். எதை, எதற்காக மாற்றினோம் என்று எழுதிவைக்க வேண்டும். புதிய பதிப்பு வரும்போது மூலக் கோப்புகள் அனைத்தும் அழிந்து புதியவை அமரும். எழுதிவைத்த மாற்றங்களை மட்டுமே திரும்பப் பொருத்த முடியும்.

இந்த ஒழுங்கை வற்புறுத்தியவர் என் பிரிவின் மூத்த பெண் அலுவலர். ஓர் அலுவலகக் கூட்டத்தில் நான் அவரை எதிர்த்து, "மறதிக்காரர்களுக்கே பதிவேடு, என் வேலையை என் நினைவு சுமக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர.

"உங்க ஞாபகம் லீவு போட்டா யார்கிட்ட சார் கேக்குறது?" என்றார்.

அதற்கும் ஒரு பதில் சொல்லி இன்னொரு சிரிப்பு வாங்கினேன். அந்தப் பதிலை இங்கே எழுதக் கை கூசுகிறது.

திருமானூர்ப் பக்கம் சில கரும்பு வயல்களுக்கு வண்டிப்பாதை கிடையாது. பக்கத்து நெல் வயலின் ஊடாகத்தான் டிராக்டர் போய்வர வேண்டும். தையில் நெல் அறுத்த பிறகு, அந்த வயல்காரர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் மறுபடி நாற்று நடும்வரைதான் வழி. எனவே, கரும்பு நட்ட தேதி வரிசையில் போகும் உத்தரவு இத்தகைய வயல்களுக்கு மட்டும் அந்த இடைவெளிக்குள் முந்தி வரும்படி ஒரு கோப்பை மாற்றியிருந்தேன். நல்ல வேலைதான். ஆனால் அவசரத்தில் மூலக் கோப்பிலேயே மாற்றினேன், எங்கும் எழுதவில்லை. இந்தப் பருவத்துக்குச் சற்று முன் புதிய பதிப்பு வந்தது. என் மாற்றம் அழிந்தது. அப்படியொன்று செய்ததே எனக்கு நினைவில்லை.

ஒரு விவசாயிக்கு உத்தரவு வந்தபோது பக்கத்து வயலில் நடவு முடிந்துவிட்டது. அவருடைய ஒரு வருட உழைப்பு முழுவதும் பச்சை நாற்றுகளுக்கு அப்பால் நின்று காய்ந்துகொண்டிருந்தது. கரும்பு விவசாயிகள் கூட்டத்தில் எழுந்து அவர் காரணம் கேட்டார். அன்று காலையே நான் கோப்பைத் திறந்து பார்த்திருந்தேன்; என் மாற்றம் அங்கே இல்லாததைக் கண்டதும்தான் நினைவு வந்தது. காரணம் எனக்குத் தெரியும்.

மேலாளர் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க, நல்லா பேசுவீங்கள்ல" என்றார்.

மைக்கைப் பிடித்தேன். "ஆலைக்கு ஆயிரம் வயல், உழவருக்கு ஒரே வயல். ஆயிரத்தை நினைப்பவர் ஒன்றை மறக்கலாம். ஒன்றை மட்டுமே நினைப்பவர் அதை நினைவூட்டலாகாதா?" ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கூடம் அதிரக் கைதட்டினார்கள்.

அந்த விவசாயி தலையாட்டினார். "வாஸ்தவம்தாங்க. நான்தான் வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

அருகிலிருந்த அவர் மனைவி விடவில்லை. "அதத்தானே வூட்டுல தலபாடா அடிச்சிக்கிட்டேன்? போன வருசம் உத்தரவு தானா வந்துச்சு, இந்த வருசமும் வரும்னு குந்திக்கிட்டு இருந்தீங்க."

அவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். போன வருடம் தானாக வந்தது என் கோப்பால். அதை நம்பியதுதான் அவர் குற்றமாகிவிட்டது.

பக்கத்தில் அமர்ந்திருந்த மூத்த அலுவலர் என் காதருகே சொன்னார்: "ஜெயிச்சிட்டீங்க சார். பரிசுக் கப்ப இங்கயே குடுத்துரலாமா, ஆபீஸ்ல வாங்கிக்கிறீங்களா?"

மீண்டும் மைக்கை எடுத்தேன். அடுக்கி வைத்திருந்த சொல் ஒன்றும் வாயில் வரவில்லை. "தப்பு அவர் மேல இல்லீங்க. உத்தரவு தானா வந்திருக்கணும். வர வைக்கிற ஃபைல நான் மாத்துனேன், எழுதி வைக்காம வுட்டுட்டேன்."

யாரும் தட்டவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அப்ப முன்னாடி பேசுனது யாருங்க?"

கூடம் சிரித்தது. மேலாளர் வேறெங்கோ பார்த்தார். நான் மைக்கை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன்.

கூட்டம் கலைந்தபின் வாசலில் அந்தத் தம்பதியைத் தேடிப் போனேன். அவர் கோபப்படவில்லை, அதைத் தாங்குவது கடினமாக இருந்தது.

"இனிமே தலச்சுமதான் தம்பி. கட்டு கட்டா வரப்பு மேல தூக்கி ரோட்டுக்குக் கொண்டாரணும். வெட்டு ஆளுங்க அதுக்கு மொகம் சுளிப்பாங்க."

"அதுக்கு எதுக்கு ஆளு?" என்றார் அவர் மனைவி. "சார் வந்து ஒரு தடவ பேசுனாருன்னா கரும்பே எந்திரிச்சு நடந்து வந்துரும்."

மூத்த அலுவலர் பின்னால் நின்றிருந்தார். அவருக்கும் கேட்கும்படி உரக்கவே சொன்னேன்:

"உங்க வயலுக்கான மாத்தத்த இன்னிக்கே எழுதி வெச்சுர்றேன்மா. இனிமே நான் தொடுற எந்த ஃபைலையும் எழுதாம மூட மாட்டேன். வெட்டு தொடங்குற அன்னிக்கு முத பஸ்ஸுல வந்துருவேன். கடைசிக் கட்டு ரோட்டுக்கு வர்ற வரைக்கும் நானும் தூக்குறேன்."