ஓடும் பொத்தானில் ஒட்டிய டேப்

தலையில் சட்டியைக் கவிழ்த்த ஒரு குள்ளன் இடமிருந்து வலமாக ஓடுவான். கதை அவ்வளவுதான். காக்களூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மாமா வீட்டில் கழிந்த அந்தக் கோடை விடுமுறையில் எனக்கும் அவ்வளவுதான் கதை. வீடியோ கேம் வாடகைக்கு எடுத்தது. மாமாவும் அத்தையும் ஒரே கம்பெனியில் வேலை. மாமா பவர் பிரஸ்ஸில் தகடு வெட்டுவார். அதே ஷெட்டின் கோடியில் அத்தை பேக்கிங்.

ஆட்டத்தைச் செய்தவன் யாரோ, கெட்டிக்காரன். ஒரு வார்த்தை பேசாமல் எல்லாம் சொல்லிக்கொடுத்தான். முதல் பள்ளத்தில் விழுந்தால் அடியில் தரை இருக்கும், ஏறி வந்துவிடலாம். அடுத்ததும் அதே அகலம்தான், ஆனால் அடியில் ஒன்றும் கிடையாது. பொத்தானைத் தொட்டால் சின்னத் தாவல், பிடித்து அழுத்தினால் பெரிய தாவல், அந்தரத்தில்கூடக் கொஞ்சம் மனம் மாறலாம். செத்தால் கோபம் வராது; பிந்தியது என் கட்டைவிரல்தான் என்று எனக்கே தெரியும். அதற்குள் இன்னொரு குள்ளன் முழுசாக வந்து நிற்பான். இன்னும் ஒரு தடவை. இன்னும் ஒரே ஒரு தடவை.

ஓட ஒரு பொத்தான், குதிக்க ஒரு பொத்தான். இரண்டையும் வலது கட்டைவிரல் ஒன்றே பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடினால்தான் இடிந்து விழும் பாலங்களைத் தாண்டலாம். ஓட்டத்தை எங்கே விடுவது என்பதில்தான் ஆட்டத்தின் உயிர். எனக்கு அது வரவில்லை. விரல் வழுக்கியது.

ஞாயிற்றுக்கிழமை. மாமா பார்த்துச் சிரித்தார்.

"இன்னாத்துக்கு பாப்பா ரெண்டையும் அமுக்கினு பேஜார் படுற? ஒண்ண கட்டிப்போடு. வேல ஈஸி."

சட்டைப்பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப் வந்தது. ஓடும் பொத்தானை அழுத்தி, இழுத்து ஒட்டி, பல்லால் கடித்து அறுத்தார். யோசிக்கவே இல்லை, கை தானாகச் செய்தது.

குள்ளன் பறந்தான். நின்று பார்க்க வேண்டிய இடத்திலும் பறந்தான். பள்ளம், பள்ளம், மறுபடி பள்ளம். விழ விழ நாங்கள் சிரித்தோம்.

"போனா போறான், இன்னொருத்தன் வருவான்" என்றார் மாமா.

வெங்காயம் உரித்த கையோடு அத்தை வந்தாள். டிவியைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"இந்த டேப்பு யாரு ஒட்டனது?"

மாமா டேப் சுருளைச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

பிரஸ்ஸுக்கும் இரண்டு பொத்தான், எட்ட எட்ட. இரண்டு உள்ளங்கையும் அழுத்தினால்தான் மேலிருந்து இரும்பு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்றே அப்படிச் செய்தது. ஒன்றின் மேல் டேப் ஒட்டிவிட்டால் ஒரு கை மிச்சம். தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம், பீஸ் கணக்கு ஏறும். அப்படி ஓட்டிய பக்கத்து மெஷின்காரரைப் போன வாரம்தான், கையில் வேஸ்ட் துணி சுற்றி, அத்தையின் மேசையைத் தாண்டித் தூக்கிப் போனார்கள்.

"அவன் கைய பாத்தப்புறமும் நீ கட்டினுதான் ஓட்டினு கீறியா?"

"எல்லாருந்தான் கட்றான். பீஸு வரலன்னா சூப்பர்வைசர் இன்னா, கொஞ்சுவானா?"

அத்தை டேப்பைப் பிய்த்தாள். பிறகு மாமாவின் வலக்கையை இழுத்துப் புரட்டி ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். வெங்காயத்தால் கண்ணில் நீர் என்று நினைத்தேன்.

"டேப்ப குடு அத்த, குள்ளன் செத்துட்டான்."

"சாவட்டும். அவனுக்கு இன்னொண்ணு கீது."

அடுத்த ஞாயிறு டேப் இல்லாமலே ஆடினேன். விரல் பழகியிருந்தது. மாமா சாப்பிட உட்கார்ந்தார்.

"பிரஸ்ல டேப்ப பிச்சிட்டேன். பீஸு கொறஞ்சிச்சின்னு லோடிங்குக்கு மாத்திட்டான். பெட்டி தூக்கி முதுவு போவுது."

"அப்ப நீ அவுட்டா மாமா?" என்றேன்.

அவர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. குழம்பு ஊற்றிய கரண்டி கையிலேயே இருக்க, மாமாவின் ஐந்து விரலும் சோற்றுக்குள் போய்ப் பிசைந்து வெளியே வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பாலம் வந்துகொண்டிருந்தது. நான் டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன்.