பெருமாள் என்று பேர் வைத்த ஆமை

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் இருந்தோம். நான் கொழுந்து பறித்தேன். என் வீட்டுக்காரர் தேயிலைப் பெட்டிகளை லோரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போ டவுனுக்குப் போவார். ஒருமுறை திரும்பும்போது எங்கள் ஐந்து வயது மகளுக்கு ஒரு குட்டி ஆமை வாங்கி வந்தார். உள்ளங்கையில் அடங்கும். பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. தண்ணீர்ப் பேசனில் போட்ட கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆள் நிழல் பட்டதும் சறுக்கித் தண்ணீருக்குள் போய்விடும். அந்தச் சறுக்கலைப் பார்த்துத்தான் இங்கிலீஷில் ‘ஸ்லைடர்’ என்று பேர் வைத்தார்களாம், கடைக்காரர் சொன்னாராம்.

அந்தப் பேர் எங்கள் வாயில் ஒட்டவில்லை. ஆமையாக அவதாரம் எடுத்தவர் பெருமாள். போதாததற்கு முகத்தில் நாமம் போட்ட மாதிரி கோடு வேறு. பெருமாள் என்றே கூப்பிட்டோம்.

“உங்க வீட்டுக்குச் சாமியே லோரி ஏறி வந்துடுச்சு லா,” என்று பக்கத்து வீட்டு அக்கா கிண்டல் செய்வார்.

சனிக்கிழமைதோறும் பேசனில் தண்ணீர் மாற்றித் துளசி போடுவேன். மகள் அதில் ஒரு கை அள்ளி, தீர்த்தம் என்று குடிப்பாள். பார்த்துப் பூரித்துப் போவேன்.

ஒருநாள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. தோட்டத்து கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரிடம் காட்டினோம், நின்றது. கொஞ்ச நாளில் திரும்ப வந்தது, முன்னைவிட மோசமாக. தூக்கிக்கொண்டு ஓடினேன். கண் குழி விழுந்து, தலை என் தோளில் நிற்காமல் தொங்கியது.

டிரஸ்ஸர் ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீர் காய்ச்சித்தான் கொடுக்கிறோம் என்றேன். வீட்டில் கோழி, நாய், பூனை ஏதாவது உண்டா என்றார். ஒன்றும் இல்லை என்றேன். மனதறிந்து சொன்ன பொய் இல்லை அது. எனக்கு நிஜமாகவே நினைவுக்கு வரவில்லை.

அப்போது மகள் முனகினாள். “அம்மா, பெருமாளுக்குச் சாப்பாடு போட்டியா?”

“பெருமாள் யாரு?” என்றார் டிரஸ்ஸர்.

சொன்னேன். தீர்த்தத்தையும் சேர்த்துச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“ஏம்மா, அது சாமியாவே இருந்துட்டுப் போகட்டும். அதுவும் அந்தத் தண்ணியிலதானே வெளிக்குப் போகுது?”

குட்டி ஆமைகளின் வயிற்றில் ஒரு கிருமி இருக்குமாம். ஆமையை அது ஒன்றும் செய்யாது, சின்னப் பிள்ளைகளைத்தான் சாய்க்குமாம். உடனே பக்கத்து டவுன் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே நரம்பில் ஊசி போட்டுத் தண்ணீர் ஏற்றினார்கள். இரண்டாம் நாள் காலையில் மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, “பசிக்குதும்மா,” என்றாள். கட்டிலோரம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆமையை டிரஸ்ஸரே தன் வீட்டுத் தொட்டிக்கு எடுத்துக்கொண்டார். ஆசையாக ஒரு பேர் வைத்துவிட்டால் அப்புறம் அந்தப் பேரைத்தான் பார்க்கிறோம், எதிரே இருக்கும் உயிரைப் பார்ப்பதில்லை என்பதை, என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தது அந்தச் சின்ன ஆமை.