ஓடையில் விட்ட ஆமைகள்

பிள்ளைகளே, நீங்க பிளாஸ்டிக் பேசினுக்குள்ள போட்டிருக்கிற ஆமை சுரண்டுற சத்தம் என்னை ஒரு இடத்துல உட்கார விடல.

நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப, மாத்தளைக்கு வடக்கே நாவுலயில எங்க வீட்டுக்குப் பின்னால இருந்த குட்டையிலயும் ரெண்டு ஆமை வளர்த்தோம். தமிழர் வீடுகளைக் கொளுத்துற கலவரம் நெருங்குதுன்னு கேள்விப்பட்டதும் நான் அதுங்களைச் சாக்குல போட்டுத் தூக்கினேன்.

"பிள்ளைங்களைத் தூக்கவே கை பத்தல, இதுல ஆமை வேறயா?" என்று அம்மா கத்தினாங்க.

அப்பா சாக்கை வாங்கி, வீட்டுக்குக் கீழே ஓடுற ஓடையில கவிழ்த்தார். "போங்கடா, எங்கேயாவது பிழைச்சுக்கோங்க."

தப்பிப் போய் மாத்தளைப் பள்ளிக்கூடம் ஒண்ணுல அகதியா ஒண்டியிருந்த நாளெல்லாம் ஆமைகளை நினைச்சே அழுதேன்.

திரும்பி வந்தப்ப வீடு எரிஞ்சு கிடந்தது. நான் நேரா குட்டைக்கு ஓடினேன். சாம்பல் மிதந்த தண்ணியில ஒரு தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"விரட்டினாலும் இங்கதான் வருவானாம். நம்ம ஆளுதான்டா" என்ற அப்பா, சட்டையைக் கழற்றிப் போட்டு, எரிஞ்ச தகரங்களை ஒதுக்கத் தொடங்கினார்.