பிடுங்கிய பல்லின் இடத்தில் ஒரு மாத்திரை

என் நெஞ்சில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. மலை ஏறினால் மூச்சு வாங்கும். உள்ளே ரத்தம் கட்டிவிடாமல் இளக்கி வைக்க ஒரு மாத்திரை போட்டுவந்தேன். கொழும்பில் ஆபரேஷன் என்று முடிவானதும், பதுளை ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர், அதற்கு முந்திய வாரம் மாத்திரையைத் தொடக்கூடாது, தொட்டால் வெட்டிய இடத்தில் ரத்தம் நிற்காது என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

மாத்திரை என் கையில் இருந்திருந்தால் தொல்லையில்லை. அது எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில், டாக்டர் ஐயாவின் அலமாரியில் இருந்தது. ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் மருந்தை வாங்கிப்போய்ச் சீக்குக் கோழிக்குக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் யார் கையிலும் மாத்திரை தருவதில்லை. அவரே நாக்கில் வைப்பார், தண்ணீர் ஊற்றுவார், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டுச் சேவலும் ஒருமுறை அப்படித்தான் பிழைத்தது.

அந்த வாரத்தின் முதல் நாள் காலை சொல்லிவிடத்தான் போனேன். எனக்குப் பின்னால் கொழுந்தெடுக்கும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். “ஐயா, அது வந்து...” என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயில் மாத்திரை விழுந்தது.

அப்போதுதான் கடைவாய்ப் பள்ளம் ஞாபகம் வந்தது. போன வருஷம் ஐயாவே பிடுங்கிய பல்லின் இடம். நாக்கால் தள்ளினேன், அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. தண்ணீரை மட்டும் விழுங்கி, வாயைத் திறந்து காட்டிவிட்டு, வெளியே வந்து வேலியோரம் துப்பினேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. கரைந்தது உள்ளே போகாதா என்று கேட்டாள். எனக்கும் அந்தப் பயம்தான். ஆனாலும் ஐயாவிடம் பேசுவதைவிடத் துப்புவது சுலபமாயிருந்தது.

அடுத்த நாளும் தப்பித்தேன். அதற்கடுத்த காலை ஐயா உற்சாகமாக இருந்தார். கொழும்பில் எந்த வார்டு, துணைக்கு யார் என்று விசாரித்துக்கொண்டே போனார். நான் உதட்டைத் திறக்காமல் ‘ம்’ கொட்டினேன். கசப்பு இறங்கத் தொடங்கியது. மருந்து நெடி வேறு மூக்கில் ஏறியது. தும்மினேன். மாத்திரை பறந்துபோய் ஐயாவின் தேநீர்க் கோப்பையில் விழுந்தது.

“இதென்ன கூத்து? உனக்குச் சாக விருப்பமோ?”

வெட்டுப்பட்ட விரலுக்கு மருந்து கட்ட வரிசையில் நின்ற என் மனைவி முன்னால் வந்தாள். “ஆபரேசனுக்கு முன்ன இத நிறுத்தச் சொல்லியிருக்காங்கய்யா. இல்லேன்னா ரத்தம் நிக்காதாம். ஒங்ககிட்ட சொல்ல இவருக்கு வெக்கம்.”

ஐயாவின் முகம் மாறியது. “வாய் இருக்குத்தானே, சொல்லுறதுக்கென்ன?”

“வாயில மாத்திரை இருந்துச்சுங்க” என்றேன்.

பெண்கள் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. நேரே ஆபீசுக்குப் போய்ப் பதுளைக்குப் போன் போட்டார். ஆபரேஷனைத் தள்ளிவைக்க வேண்டாம், ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று பதில் வந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

கொழும்பில் என் விலாவிலிருந்து ஒரு குழாய் கீழே போத்தலுக்குள் இறங்கியது. நர்ஸ் வந்து வந்து அதைத்தான் பார்த்தாள். சிவப்பு மெல்ல வெளுத்தது. பிறகு சொட்டுவதும் நின்றது. அவள் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். நான் தலையாட்டினேன்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் மறுபடி அதே மாத்திரை. ஐயா வாயைத் திறக்கச் சொன்னார். முதலில் கடைவாய்ப் பள்ளத்தில் பஞ்சை வைத்து அழுத்தினார். அதன் பிறகுதான் மாத்திரையை நாக்கில் வைத்தார்.