உதறாத தெர்மாமீட்டர்

பன்றிக் காய்ச்சல் உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த அந்தத் தை மாதம், அம்மாவின் சிறுநீரகத்தை எனக்குப் பொருத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. உடம்பு அதை வெளியாள் என்று விரட்டிவிடாமலிருக்க, காலை எட்டு, இரவு எட்டு என்று மாத்திரை. அதே மாத்திரை எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கிவிடும். கூட்டம் கூடாது, வெளிச்சாப்பாடு கூடாது, காய்ச்சல் நூறைத் தொட்டால் உடனே சென்னைக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தைப் பாதியில் நிறுத்திய எனக்கு வேறு வேலை இல்லை. விதிகளை அட்டையில் எழுதி அலமாரியில் ஒட்டியிருந்தேன்.

தீபாவளியை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வாடகை அறையில் ரொட்டி தின்று கழித்தோம். அதனால் பொங்கலை அம்மா விடுவதாயில்லை. அப்பா வேலைபார்க்கும் சுரங்கத்தின் குவார்ட்டர்ஸ் வாசலில் மூன்று செங்கல், புதுப்பானை, கரும்பு. அம்மா கனம் தூக்கக் கூடாது என்பதால் பானையை ஏற்றியது பக்கத்து குவார்ட்டர்ஸ் அக்கா. திருநெல்வேலிக்காரி. நான் ஜன்னலுக்குள் மாஸ்க்கோடு.

“ஏட்டி, பேங்க்ல கொள்ளையடிக்கப் போறியா?”

“உங்க வூட்டுக்குத்தான் வரலாம்னு இருந்தேன்க்கா.”

“வா, வா. ரேஷன் அரிசிதான் இருக்கு.”

ஏழரைக்கு தெர்மாமீட்டர் வைத்தேன். நூறு புள்ளி நாலு. எங்களுடையது பாதரச தெர்மாமீட்டர். திரும்ப வைத்தேன், அதேதான். வெளியே பால் நுரைகட்டத் தொடங்கியிருந்தது. பொங்கட்டும், பிறகு சொல்லலாம் என்று முடிவெடுத்தேன். அரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்பதுதான் கணக்கு. தெர்மாமீட்டரை அலமாரியில் வைத்துவிட்டு ஜன்னலுக்கே திரும்பினேன்.

உதறவில்லை. உதறாவிட்டால் பாதரசம் இறங்காது என்பதை ஒன்பதாம் வகுப்பில் படம் போட்டு விளக்கியவள் நான்.

முந்திரி எடுக்க அம்மா உள்ளே வந்தாள். அலமாரியைத் திறந்தாள். பிறகு தெர்மாமீட்டரோடு வந்து நின்றாள்.

“இது எப்ப வெச்சது?”

“இப்பதாம்மா. பொங்கினதும் சொல்லலாம்னு.”

அம்மா வாசலுக்குப் போய் அடுப்பிலிருந்து விறகை ஒவ்வொன்றாக இழுத்து மண்ணில் போட்டாள். பால் பானையின் கழுத்துவரை வந்திருந்தது. அது மெல்ல இறங்கியது. எதிர் வரிசையில் ‘பொங்கலோ பொங்கல்’ கேட்டது.

“என்ன மைனி இது, பொங்க வரும்போது?” என்றாள் அக்கா.

“கிளம்பணும்.”

சைக்கிளில் அப்பா அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து வந்தார். மைன்ஸ் யூனிபார்மைக் கழற்றாமலே கார் சொல்லப் போனார்.

அப்பா மறுநாள் வருவதாக ஏற்பாடு; நானும் அம்மாவும் மட்டும் ஏறிய கார் பண்ருட்டியைத் தாண்டியது. அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “பானை போனா வடலூர்ல வேற வாங்கலாம். உனக்குக் குடுக்க என்கிட்ட இன்னொன்னு இல்லடி.”

விக்கிரவாண்டி நெருங்கும்போது அம்மாவின் போன் அடித்தது. அக்கா. விறகைத் திரும்பப் பற்றவைத்திருக்கிறாள். “மைனி, பொங்கிட்டு. கேளுங்க,” என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டாட்களோடு மூன்று தடவை கத்தினாள். அம்மா போனை என் காதுக்கும் காட்டினாள். டிரைவர் சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் தொண்டையில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள். முடிவு வரும்வரை தனி அறை, துணைக்கு ஒரே ஆள். காய்ச்சல் எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். “ஏழரைக்கே, டாக்டர். நான்தான் உடனே சொல்லலை,” என்றேன். எழுதிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் முடிவு வந்தது. பன்றிக் காய்ச்சல் இல்லை. சிறுநீரில் கிருமி. சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் ஏறவில்லை, ஊசி மருந்து போதும் என்றார்கள்.

அக்கா கொடுத்துவிட்ட டப்பாவோடு அன்றே அப்பா வந்தார். எங்கள் பானைப் பொங்கல்தான். ஆனால் வேறு கை பட்டது, ஒரு நாள் பழையது. அம்மா மூடியைத் திறந்தாள்.

“உனக்குக் கூடாது,” என்று சொல்லிவிட்டு என் எதிரிலேயே உட்கார்ந்து ஸ்பூன் ஸ்பூனாகத் தின்றாள். டப்பா காலியாகும்வரை நிறுத்தவில்லை.

“எப்படிம்மா இருக்கு?”

“வெல்லம் கம்மி.”

டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். கைப்பையிலிருந்து எங்கள் தெர்மாமீட்டரை எடுத்து, மூன்று தடவை உதறினாள்.

“வாயைத் திற.”